மழை நாளில் மட்டும் அணைந்த மடிக்கணினி

அடுத்த திங்கட்கிழமை முதல் இந்த மேசை உங்கள் இருவருடையது. சாவிகள் எங்கே, எந்த லாச்சியில் என்ன உதிரிப்பாகம், கொழும்பில் யார் போனை எடுப்பார், யார் எடுக்கவே மாட்டார் என்பதையெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அது இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதில் அடங்காத ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஓய்வு பெறுகிற வயதில்லை. முப்பத்து மூன்றுதான். பதுளை டவுனில் இந்த ஒரே கதிரையில் பத்து வருடம் இருந்தாயிற்று, இனிமேல் பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். கணினி திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு என்று வேண்டுமானால் சொல்லலாம். போகும்போது நன்றி சொல்ல வேண்டியவர்களைப் பட்டியல் போட்டேன். முதல் பெயர் ஒரு வாடிக்கையாளருடையது. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் என்றே எழுதுகிறேன்.

முழுதாக அணையாத மடிக்கணினிகள் உங்களிடமும் நிறைய வரும். திரை கறுத்துப் போகும், ஆனால் விளக்கு எரியும், உள்ளே விசிறி சுற்றும். காலையில் பார்த்தால் பேட்டரி காலி. இதற்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் உண்டு. அவற்றை நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், திரும்பச் சொல்ல மாட்டேன்.

டீச்சர் வந்த காலத்தில் நான் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தேன். ஐந்து அறிவுரைகள், எண் போட்டு, தெளிவான எழுத்தில். முதலாவது இது: "கணினி அணையாவிட்டால் பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடிக்கவும்." முதலாளிக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துவிட்டது. அடியில் கடைப் பெயரைப் போட்டுக் கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்தார்.

"போன்ல நின்னு கதாப்பிரசங்கம் பண்ற நேரம் மிச்சம்மா" என்றார்.

ஒவ்வொரு பில்லோடும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தோம். ஊவா மாகாணம் முழுக்க எத்தனை தேயிலைத் தோட்டத்துக்கு அந்தத் தாள் போயிருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

டீச்சர் முதன்முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, பெரகலைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். எங்கள் கடையில் வாங்கிய பழைய மடிக்கணினி. தடித்த துவாயில் சுற்றி, அதன் மேல் ஒரு பை, அந்தப் பையின் மேல் இன்னொரு பை.

"ஓஃப் பண்ணுனா ஸ்க்ரீன் அமந்துருதுங்க மிஸ். லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கைய வச்சுப் பாத்தா உள்ளுக்குள்ள ஓடுது."

"தெனமுமா டீச்சர்?"

"அநேகமா தெனமும். மழ நாள்ல மட்டும் ஒழுங்கா ஓஃப் ஆகுதுங்க."

பின்னால் இருந்த முதலாளி விடவில்லை. "அப்ப அது லெப்டொப் இல்ல டீச்சர், தவள."

டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலைச் சீட்டில் "முழுதாக அணையவில்லை" என்று எழுதினேன். மழையை எழுதவில்லை. அதை எழுத எந்தக் கட்டமும் அந்தச் சீட்டில் இல்லை.

மேசையில் வைத்து அணைத்துப் பார்த்தேன், அணைந்தது. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் அணைந்தது. செய்ய வேண்டிய சில மாற்றங்களைச் செய்து, தாளையும் கையில் கொடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து அவர் மறுபடி வந்தார். வீட்டில் அதே கதை. என் மேசையில் அது மறுபடியும் சமர்த்தாக அணைந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நம் கையில் பழுது தெரியாதபோது நம் மனம் உடனே வாடிக்கையாளரைத்தான் சந்தேகிக்கும். நானும் அதைத்தான் செய்தேன்.

"மூடிய மட்டும் மூடிட்டு ஓஃப் ஆயிருச்சுன்னு நெனச்சிருப்பீங்க டீச்சர்."

"இல்லீங்க மிஸ். மூடுறது வேற, ஓஃப் பண்றது வேறன்னு புள்ளைங்களுக்கே நான்தான் சொல்லிக் குடுக்குறேன்."

குரலில் கோபம் இல்லை. பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு நாளும் அணைந்ததா இல்லையா என்று தேதி போட்டு எழுதி வந்திருந்தார். பட்டியல் போடுவதில் பெயர் போன நான் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் டீச்சர். அணையலன்னா பட்டன அமத்திப் புடிங்க. தாள்ல மொத நம்பர்."

"பத்து செக்கனா?"

"பத்து செக்கன்."

அவர் கொப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்கடுத்த புதன்கிழமை, பின்னேரம் நாலரை மணியளவில் போன் வந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரி நேத்து அமத்திப் புடிச்சேன். இன்னைக்கி கோவ தொறக்க மாட்டேங்குது."

கோவை என்று அவர் சொன்ன அந்தக் கோப்பு என்னவென்று அன்றுதான் கேட்டேன். ஆறு வருடமாக அவர் தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியை. பயிற்சியை முடித்தால்தான் நிரந்தர நியமனம். பயிற்சியின் கடைசிப் பகுதி இந்தக் கோவை: எடுத்த பாடங்கள், படங்கள், ஒவ்வொரு பாடம் முடிந்த பிறகும் தான் எழுதிய குறிப்பு, எல்லாம் சேர்த்து நூறு பக்கத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இணையத்தில் அனுப்பியிருக்க வேண்டும். தவறினால் அடுத்த தொகுதியோடு சேர வேண்டும். அடுத்த தொகுதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"வேற பிரதி இருக்கா டீச்சர்?"

"பென்ட்ரைவ்ல ஒன்னு இருக்கு. போன மாசத்துது. அத சொருகித் தொறந்து பாத்தேன். பயமாயிருந்துச்சு, ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டா சரியாகுமோன்னு ஓஃப் குடுத்தேன். இருவது நிமிஷமா அப்பிடியே நிக்கிது. ஸ்க்ரீன் கறுப்பு, லைட் எரியுது."

"பென் எங்க?"

"அதுலதான் இருக்கு. மினுக்கு மினுக்குன்னு இருக்கு. அமத்தட்டுமா மிஸ்?"

அமத்துங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல வருடப் பழக்கம். அந்த இரண்டு மூன்று செக்கனில் நான் யோசித்தது இவ்வளவுதான். நேற்று அழுத்தியதால் கோவை போனது. இப்போது அழுத்தினால் மிச்சமிருக்கிற ஒரே பிரதியும் போகலாம். அழுத்தாவிட்டால் என்ன கெட்டுவிடும்? சார்ஜரில் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. அது இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே நின்றாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவசரம் எனக்குத்தான் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம்.

"கைய எடுத்துருங்க டீச்சர். எதையும் தொடாதீங்க. அந்தக் கொப்பி பக்கத்துல இருக்கா?"

பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "இருக்குங்க."

"மொதல்ல இருந்து வாசிங்க."

அவர் வாசித்தார். மூன்றாம் தேதி ஓஃப் ஆகவில்லை. நாலு ஆகவில்லை. ஐந்து ஆகவில்லை. ஆறு ஆனது, மழை. ஏழு ஆனது, மழை. எட்டு ஆகவில்லை. ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டே போனேன். ஆன நாள் ஒவ்வொன்றோடும் அவர் "மழ" என்று சேர்த்து வாசித்தார். ஒரு நாள்கூட விலகவில்லை.

"மழ நாள்ல வேற என்ன செய்வீங்க டீச்சர்? லெப்டொப்ப எடம் மாத்தி வைப்பீங்களா?"

"மழ கூடுனா லெப்டொப்பு, பெறப்புச் சாட்சிப் பத்திரம், ஐடி, எல்லாத்தையும் ஒரு பேக்ல போட்டு கதவுகிட்ட வச்சிருவோம். எங்க லயத்துக்குப் பின்னாடி மலதான மிஸ், மண்ணு சரியும்னு எந்த நேரம் கெளம்பச் சொல்லுவாங்கன்னு தெரியாது. டப்பாவையும் எறக்கிருவோம்."

"எந்த டப்பா?"

"இன்டர்நெட் டப்பா."

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. லயம் என்கிற அந்தத் தோட்ட வரிசை வீடுகளுக்குள் போன் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல், இணையத்துக்குப் போதாது. அதனால் சிம் போட்ட இணைய டொங்கிளை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, கூரைக்கு மேலே உயர்த்தியிருந்தார்கள். அதிலிருந்து நீளமான கேபிள் ஒன்று தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து கீழே வந்து, டீச்சரின் மடிக்கணினியில் செருகியிருந்தது. அந்த டொங்கிள் தானே வைபை கொடுக்கக்கூடியது. மடிக்கணினியிலிருந்து கரண்ட் போனால் போதும், பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும். அதனால் டீச்சர் அந்தக் கேபிளைக் கழற்றுவதே இல்லை. வீட்டில் இருக்கும்போது மழை நாளில் மட்டும் கழற்றுவார்.

என் கடைக்கு வந்த இரண்டு முறையும் டொங்கிள் வரவில்லை. அது கம்பில் இருந்தது. அணைப்பதற்கு முன் செருகியிருக்கிற ஒவ்வொரு பொருளிடமிருந்தும் பதில் வரும் வரை கணினி காத்திருக்கும். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு நீளக் கேபிளின் நுனியில் இருந்த அந்த டொங்கிள் பதில் சொல்லவில்லை. வேறென்ன செருகியிருக்கிறீர்கள் என்று முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. டவுனில் வளர்ந்தவள் நான். இணையம் என்றால் வீட்டுக்குள் சுவரோரமாக இருக்கும் என்றே நினைத்துப் பழகியவள்.

"டீச்சர், அந்தக் கேபிள லெப்டொப் பக்கமா மெதுவா கழட்டுங்க. பென்ன தொடவேணாம்."

"ஒரு நிமிஷம் இருங்க." சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. "அடியே, கேபிள கழட்டப் போறேன். எல்லாரும் பாடத்த நிப்பாட்டுங்க."

அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது. "அஞ்சு நிமிஷம் டீச்சர், டியூசன் சேர் கணக்க முடிக்கப் போறாரு."

"என்ன செய்யட்டும் மிஸ்?"

"முடிக்கட்டும்" என்றேன். அன்று நான் எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. ஐந்து நிமிடத்தில் கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை.

ஐந்து நிமிடம் இருவரும் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தோம். பிறகு அவர் கழற்றினார்.

"சத்தம் நின்னுருச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "லைட்டும் போயிருச்சு."

முதலாளி திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என் தாளினால்தான் கோவை கெட்டது என்பதையும் சேர்த்துத்தான். அவர் தாளை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல யாரு பேரு போட்டிருக்கு?"

"கடைப் பேரு."

"அப்ப கடதான் போகணும். காலைல மொத பஸ்ஸுக்குப் போம்மா. நான் மேசையப் பாத்துக்குறேன். எனக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியும், பூட்டத்தான் தெரியாது."

வியாழன் காலை பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாகப் போய்ப் பெரகலையில் இறங்கி, ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். மூங்கில் கம்பு தூரத்திலேயே தெரிந்தது. டப்பாவை வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள், பனி இறங்காமல் இருக்க. கேபிள் சுவரில் உரசாமல் இருக்க ஒவ்வொரு ஆணியிலும் துணி சுற்றியிருந்தது. அவ்வளவு யோசித்துச் செய்த வேலையை நான் கடையில் இருந்துகொண்டு தவளை என்று சிரித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து எடுக்கிறவர். அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதா லெப்டொப் டொக்டரு? சின்னப் புள்ளையால்ல இருக்கு. எங்க டீச்சரு நேத்து அழுதுருச்சு, தெரியுமா?"

"சும்மா இருங்கக்கா" என்றார் டீச்சர்.

"சொன்னாத்தான தெரியும்."

சொன்னது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன் டீச்சரிடம் நேராகச் சொன்னேன். "அமத்தச் சொன்னது நான். கோவ கெட்டது அதனாலதான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"தெரியும் தங்கச்சி" என்றார். அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவர். "மொதல்ல வேலையப் பாப்போம்."

எப்படி மீட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்த வழிதான். தானாகச் சேமிக்கப்பட்டிருந்த ஒரு தற்காலிகப் பிரதி கிடைத்தது. பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசி மூன்று பாடங்களின் குறிப்புகள் மட்டும் எங்கேயும் இல்லை. ஆனால் டீச்சர் எதையும் முதலில் கையால்தான் எழுதுவார். பாடக் குறிப்புகள் கொப்பியில் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வது என்று முடிவு செய்தோம். அக்கா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். என் பங்கை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார்.

மூன்றாவது குறிப்பு நிறுத்தல் அளவை பற்றிய பாடம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இன்றும் நினைவிருக்கிறது: "ஒரே கூடை, ஒரே அளவு கொழுந்து, நிறை மாறுமா என்று கேட்டேன். ஒரு மாணவி மாறும், காலையில் கூட, பின்னேரம் குறைவு என்றாள். பிழை என்று சொல்லி உட்கார வைத்தேன். காலைக் கொழுந்தில் பனி இருக்கும், அதனால் பாரம் கூட என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவள் அம்மா கொழுந்து எடுப்பவர். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னது சரி என்று சொன்னேன்."

அவர் கொப்பியைப் பார்த்துத்தான் வாசித்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஐந்தரை மணிக்குக் கோவை முடிந்தது. அனுப்புவதற்கு நான் கொண்டுபோயிருந்த பழைய போன் சார்ஜரில் கேபிளை மாட்டினேன். இனி டொங்கிளுக்குக் கரண்ட் சுவரிலிருந்து போகும். பிள்ளைகளுக்கும் பாடம் நிற்காது, மடிக்கணினிக்கும் அந்தக் கேபிளோடு சம்பந்தமில்லை, வைபை போதும். ஆனாலும் நூறு பக்கமும் படங்களும் போக வேண்டும். அக்கா லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார்.

"எல்லாரும் போன கீழ வைங்க. டீச்சரு கோவ போகுது. எவனாவது படம் பாத்தீங்க, கம்பப் புடுங்கிருவேன்."

நாற்பது நிமிடம் எடுத்தது. கிடைத்தது என்று பதில் மின்னஞ்சல் வந்ததும் டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அவருக்கும் வாசித்துக் காட்டினார். மடிக்கணினிக்கு ஓஃப் கொடுத்தார். திரை போனது, விளக்கும் போனது. கையை வைத்துப் பார்த்துவிட்டுத் துவாயில் சுற்றினார்.

நான் புறப்படும்போது அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்தத் தாள எத்தன பேருக்குக் குடுத்திருப்பீங்க தங்கச்சி?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

"நம்பர் இருக்கவங்களுக்காவது சொல்லிருங்க. எனக்கு நீங்க வந்தீங்க. எல்லாருக்கும் வர முடியாதுல்ல."

பஸ்ஸில் ஹப்புத்தளை ஏற்றம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் பில் புத்தகங்களின் அடிப்பிரதிகளை எடுத்து, போன் நம்பர் இருந்தவர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாறு பேர் என்று கூப்பிடத் தொடங்கினேன். முதலாளியும் சில பக்கங்களை வாங்கிக்கொண்டார். கதாப்பிரசங்கம் என்று முன்பு சொன்னவர், ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசினார்.

ஹல்துமுல்லையில் கடை வைத்திருக்கும் ஒருவர், "அந்தத் தாளா? அதுல மிக்சர் மடிச்சுக் குடுத்துட்டேனே" என்றார். அந்த வாரத்தில் நான் கேட்ட நல்ல செய்தி அது. இன்னொருவர் ஒரு பாடசாலை அதிபர். "ரெண்டு வருஷமா பட்டன அமத்தித்தான் ஓஃப் பண்றேன், வேற வழி இருக்கா?" என்று கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, செருகியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பழைய பிரின்டர் கேபிள் ஒன்று. கழற்றியதும் அணைந்தது.

இப்போது கொடுக்கும் தாளில் முதலாவது வரி இதுதான்: கழற்றிப் பாருங்கள், பொறுத்துப் பாருங்கள், அப்படியும் அணையாவிட்டால் பட்டனைத் தொடுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள். வேலைச் சீட்டிலும் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன். "வாடிக்கையாளர் சொன்னது" என்று தலைப்பு. அதில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மழை என்றால் மழை, பூனை என்றால் பூனை. திருத்தி எழுதாதீர்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்ட சீட்டை முதலாளி ஏற்க மாட்டார்.

டீச்சருக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. இப்போது கொஸ்லந்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் இருக்கிறார். செய்தியைச் சொல்ல அவர் எனக்குப் போன் எடுத்தபோது பக்கத்திலிருந்து அக்காவின் குரலும் கேட்டது, "அந்த டொக்டருப் புள்ளையா? ரொட்டி சுட்டுத் தாறேன், வரச் சொல்லுங்க" என்று. போயிருந்தேன். இந்த முறை தட்டை என் கையிலேயே கொடுத்தார்.

நான் எழுதிய அந்தக் கொப்பி மேசையின் இடது பக்க லாச்சியில், மேலேயே இருக்கிறது. பேசி முடித்த பெயர்களுக்கு எதிரே சரி போட்டிருக்கிறேன். சரி போடாத பெயர்கள் பதினொன்று. சிலர் நம்பரை மாற்றிவிட்டார்கள், சிலர் எடுப்பதில்லை, இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. அவர்களில் யாரோ ஒருவர் இன்றைக்கும் அந்தப் பட்டனில் விரலை வைத்துப் பத்து வரை எண்ணிக்கொண்டிருக்கலாம். திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் பெயரிலிருந்து தொடங்குங்கள். கடையின் பெயரைச் சொல்லுங்கள், தாளைப் பற்றிச் சொல்லுங்கள், தவறு எங்களுடையது என்பதை முதலில் சொல்லுங்கள்.